சக்கு ஓரத்து ஒரு சாண்

பணகுடியில் வைகாசிக் காற்று
ஷட்டரை அறைந்துகொண்டிருந்த மத்தியானம்
டயல் கேஜை லேத்துப் படுக்கையில் ஓட்டிக் காட்டினேன்.
பாதிப் பங்குக்காரி, மைனி ரெஜினாள்,
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தாள்.
வால்பக்கம் முள் அசையவில்லை.
சக்குக்கு ஒரு சாண் இருக்கையில்
சரிந்தது,
பாசிப் படியில் கால் வைத்தவன் மாதிரி.

அந்த ஒரு சாணில்தான் பதினெட்டு வருஷம்.
காற்றாடிப் பின்னு, ரைஸ்மில் புஷ்,
டிராக்டர் காதுக்கு ஒரு வளையம்,
எல்லாம் குட்டை வேலை.
மிச்ச நாலடியில்
கம்பெனிக்காரன் சுரண்டிவிட்ட பூ
இன்னும் அழியாமல் கிடக்கிறது.
நீள வேலை எவனும் கொண்டு வந்ததில்லை.

"சவத்தைத் தூக்கிப் போடும் வேய்,
கிலோ முப்பத்திரண்டு"
என்றார் பழைய இரும்பு ஞானதிரவியம்.
நாங்கள் விலை கேட்டிருக்கவில்லை.

ராஜ்கோட் புதுசு ரெண்டே முக்கால் லட்சம்,
லாரி வாடகை வேறு.
கோயம்புத்தூரில் படுக்கை கிரைண்டிங்
நாற்பத்தெட்டாயிரம், இருபத்தைந்து நாள்.
இருபத்தைந்தும் காற்று நாள்.
காற்றாடிக்காரன் ரெண்டு நாள் பார்ப்பான்,
மூணாம் நாள் வண்டியை வள்ளியூருக்குத் திருப்புவான்.

மைனி காலண்டர்த் தாளின் முதுகில்
கூட்டினாள், கழித்தாள்,
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்:
"இம்புட்டுத் தேஞ்சதுல
இத்தன நாளும் எப்பிடிச் சரியா குடுத்திய?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது.
டூல் அந்த இடத்துக்கு வந்ததும்
வலது கை
ஹேண்டிலை ஒரு மயிரிழை உள்ளே தள்ளிவிடும்.
நான் சொல்லி அல்ல.
சாப்பிடும்போது ஈயை விரட்டுகிற மாதிரி,
பேச்சு பேச்சாக இருக்கும்போதே.

"அப்ப காத்து அடங்குத மட்டும்
அந்தக் கையே ஓட்டட்டும்" என்றாள்.

புரட்டாசியில் கழற்றினோம்.
ஹெட்ஸ்டாக்கில் ரெண்டு பேரிங் மாற்றினோம்,
அரைச் சுற்று சும்மா சுற்றிய ஸ்குருவுக்குப் புது நட்டு,
அதைப் பக்கத்துப் பட்டறையில் கெஞ்சிப் போட்டது.
படுக்கை மட்டும் லாரி ஏறியது.
அது இருந்த இடத்தில்
எண்ணெய் குடித்த தரை கறுத்துக் கிடந்தது,
பூனை அதில் படுக்க மறுத்தது.

ஐப்பசி மழையில் தார்ப்பாய் சுற்றி வந்து இறங்கியது.
கேஜின் முள்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூங்கியபடி போனது.
முதல் பின்னைக் கடைந்தேன்.
சக்கு ஓரம் மெலிவு.
ரெண்டாவதும்.
லேத்தைத் திட்டினேன், கோயம்புத்தூரைத் திட்டினேன்.
பதினோரு பின்னு குப்பைக்குப் போனது.

பன்னிரண்டாவதற்கு மைனி வந்து நின்றாள்.
கொஞ்ச நேரம் லேத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"கைய எடுங்க" என்றாள்.

ஆட்டோ ஃபீடைப் போட்டுவிட்டு
வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் செருகினேன்.
சீவல் நீலமாய்ச் சுருண்டு விழுந்தது.
மைக்ரோமீட்டரை அவளே திருகினாள்,
அந்த ஓரம், இந்த ஓரம்,
ஒரே நம்பரை ரெண்டு தடவை படித்தாள்.

பாக்கெட்டுக்குள்
கை இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருந்தது.