ஒரு மோட்டார் சைக்கிளின் கொள்ளளவு

மொங்கு மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில்
கணக்கன் நான். பெயர் லிகாண்டோ.
எனக்கு வருடத்துக்குப் பதினோரு புத்தாண்டு.

அரசாங்கத்துக்கு ஜனவரியில் ஆண்டு பிறக்கிறது.
பச்சைக் கோப்புக்காரர்களுக்கு ஏப்ரலில்.
ஜூலையில் மூவருக்கு, அக்டோபரில் இருவருக்கு.
ஒரு தொண்டு நிறுவனத்துக்கு
அதன் தலைவர் கையெழுத்திட்ட தேதியில்.
ஒரே குழாய்க்கிணற்றைப்
பதினோரு விதமாக எழுதுவேன்.
ஒன்றில் அது ஆழம்.
ஒன்றில் பயனாளிகள், பெண்கள் தனியே.
ஒன்றில் வரைபடத்தில் வெறும் புள்ளி.
தண்ணீர் வருகிறதா என்ற கட்டம்
ஒரே ஒரு படிவத்தில் இருந்தது.
விருப்பமிருந்தால் நிரப்பலாம்.

மெக்கானிக் சித்தாலி.
மாவட்டம் முழுமைக்கும் அவன் ஒருவன்.
அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்,
அதற்கு மாதம் பதினைந்து லிட்டர்.
சக்கரத்தைத் தின்னும் மணல் எங்களுடையது.
வெள்ளம் சமவெளியை மூடும் மாதங்களில்
வண்டியைப் படகில் ஏற்றி
தானும் ஒரு சரக்காக அருகில் உட்கார்ந்து போவான்.

தூலி வந்தது மே மாதம், பின்லாந்திலிருந்து.
நானூறு கைப்பம்புகள், மூன்று வருடம்,
கெட்டி அட்டை போட்ட திட்டம்.
கொடுக்கிற கையைப் பார்த்து
போதும் என்று எந்த வாய் சொல்லும்?
இயக்குநர் நன்றி சொன்னார்.
நான் தட்டச்சு செய்தேன்.

என்ன வேண்டும் என்றுதான்
வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.
இவள் கேட்டாள்:
"யாரும் வராத வாரத்தில்
நீங்கள் என்ன வேலை செய்வீர்கள்?"
எனக்குத் தெரியவில்லை.
அப்படி ஒரு வாரத்தை நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் சித்தாலியின் பின்னால் உட்கார்ந்து போனாள்.
இரண்டு முறை விழுந்தார்கள்.
பார்க்க முடிந்தது ஒன்பது பம்பு.
ஐந்து செத்திருந்தன.
ஒன்றில் ஆடு கட்டியிருந்தது.
ஐந்துக்கும் ஒரே நோய்,
கட்டைவிரல் மோதிரம் அளவு ரப்பர் வளையம்.
அது கடல் கடந்து வரவேண்டும்.

இரவு என் கால்குலேட்டரைக் கடன் வாங்கினாள்.
ஒன்பதை மூன்றால் வகுத்தாள்.
வெள்ள மாதங்களைக் கழித்தாள்,
சித்தாலியின் மலேரியா நாட்களைக் கழித்தாள்.
என் அறிக்கை வாரங்களைக் கழித்தபோது
சட்டையைக் கழற்றி எடை பார்ப்பதுபோல்
கூச்சமாக இருந்தது எனக்கு.
நானூறு இருந்த இடத்தில்
நாற்பது என்று எழுதினாள்.

கோபம் வந்துவிட்டது.
கையாலாகாதவர்கள் என்பதற்கு
இது மரியாதையான எண்ணா?
மிச்சம் முந்நூற்று அறுபது ஊரிடம்
நீயே போய்ச் சொல், என்றேன்.
அவளிடம் பதிலில்லை.
பேனா இருந்தது, அதை என் பக்கம் தள்ளினாள்.

எழுதினேன்.
இரண்டாவது மெக்கானிக், சம்பளம் எங்கள் பதிவேட்டிலிருந்து.
(போன திட்டம் எங்கள் பொறியாளரை
மூன்று மடங்கு சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு
எங்களுக்குப் பயிற்சி தர
அவரையே அனுப்பி வைத்தது.)
ரப்பர் வளையம் இனோங்கேயின் கடையில்,
ஆணிக்கும் தலையெண்ணெய்க்கும் நடுவே, விலைக்கு.
அறிக்கை ஒன்று. ஜனவரியில்.

மேலிடம் திருப்பி அனுப்பியது:
மிகச் சிறியது. டிசம்பருக்குள் பணம் செலவாக வேண்டும்.
தூலி பதில் எழுதினாள், அவர்களும் எழுதினார்கள்,
ஏழு மாதம்.
கடைசியில் முதல் வருடம் நாற்பது,
அடுத்து எழுபது, பிறகு பார்க்கலாம்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்தான்.
விரல் வளரும் என்று
யாரோ ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்கள்.

பன்னிரண்டாவது புத்தாண்டு பிறக்கவில்லை.
மற்றவை அப்படியே இருக்கின்றன.
முந்நூற்று அறுபது ஊரின் பட்டியல்
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்.

போன வாரம் ஆணி வாங்கப் போனபோது
இனோங்கே சொன்னாள்,
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒருத்தி வந்து
வளையம் வாங்கிப் போனாளாம்,
பேரம் பேசி, தானே மாட்டிக்கொள்கிறேன் என்று.
சித்தாலிக்குத் தெரியாது.
எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை.

அலுவலகம் திரும்பி
பெட்ரோல் கணக்கைத் திறந்தேன்.
அக்கரை, வியாழக்கிழமை, லிட்டர் என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு இழுத்தேன்.