ஐந்தாவது வசனம்

சனிக்கிழமை நாலு மணிக்கு
மாங்குளத்தில் ரயர் கடையின் பின்னறையில்
ஆங்கில வகுப்பு.
காற்றடிக்கும் மெசின் இடைக்கிடை இரைந்து
சொல்லை நடுவில் முறிக்கும்.
டிலக்சி ரீச்சர் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருவா,
என்னைவிட ஒன்பது வயது குறைவு.
இந்தக் கிழமை பலகையில் ஒரேயொரு வினைச்சொல்:
கோ.

"இது லேசு" என்றான் ஆட்டோ நிமலரூபன்.
"போ. அவ்வளவுதானே."
ரீச்சர் சிரித்தா.
பிறகு அதன் பக்கத்தில் குட்டிக் குட்டிச் சொற்களைக்
கொண்டுவந்து நிறுத்தினா.
கோ ஓன் என்றால் தொடர்.
கோ ஓவர் என்றால் திரும்பப் பார்.
கோ த்ரூ என்றால் பட்டுக் கழி.
கோ விதவுட் என்றால் இல்லாமல் இரு.
கடைசி இரண்டுக்கும் எங்களிடம்
உதாரணம் கேட்கவில்லை அவ.

வெளிக்கிடும்போது ஐ ஆம் கோயிங் சொல்லவேணுமாம்.
ஆஸ்பத்திரி மிஸ் சுகிர்தமலர் ஒத்துக்கொள்ளவில்லை.
"போறன் எண்டு சொல்லக் கூடாது ரீச்சர்.
போட்டு வாறன்.
ஐ ஆம் கோயிங் அண்ட் கமிங்."
இங்கிலீசில் அப்படி ஒன்றும் இல்லை என்றா ரீச்சர்.
"அப்ப அவையின்ர வீட்டில
வாசல் தாண்டேக்கை ஒருத்தரும் பயப்பிடுறேல்லையோ?"

எனக்குக் கொழுவிக்கொண்டது கோ ஓஃப்.
அலாரம் அடித்தாலும் கோ ஓஃப்,
லைற் நின்றாலும் கோ ஓஃப்.
ஒன்று தொடங்குகிறது, மற்றது முடிகிறது,
சொல் மட்டும் அதே சட்டையோடு நிற்கிறது.
பால் பழுதானால்.
சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் கிளம்பினால்.
மிதிவெடி வெடித்தால்.

அதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.
அம்பகாமக் காட்டோரம், காலை ஆறு மணி,
முகக் கண்ணாடியை இறக்கி
முழங்காலில் இருந்து மண் வாருவது என் வேலை.
ஒரு நாளைக்கு இரண்டு பாய் விரிக்கிற இடம் நகர்ந்தால்
அது நல்ல நாள்.
சில நாளில் ஒரு பச்சை மூடி தெரியும்,
இத்தனை மாரிக்கும் பொறுத்து,
வேர் ஒன்று கழுத்தைச் சுற்றியிருக்க.
கிட்டக் குனியும்போது மூச்சுக்குள் தமிழில்தான் சொல்வேன்:
இரு. இரு. போகாதே.
பின்னேரம் எல்லோரையும் தள்ளி நிறுத்தி,
தூர இருந்து பொத்தானை அமத்தி,
நாங்களே அதைப் போக விடுவோம்.
மயில்கள் கத்தி ஓயும்.
அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தால்
குழுத் தலைவி ஆகலாம், சம்பளத்தில் பதினோராயிரம் கூட.
அதுக்குத்தான் இந்த வகுப்பு.

போன கிழமைச் சோதனையில்
த மில்க் வென்ற் ஓஃப் என்பதற்கு
பால் புறப்பட்டுப் போயிற்று என்று எழுதினேன்.
சிவப்புப் பேனை குறுக்கே வெட்டியிருந்தது.
ஆனால் அப்படித்தான் போனது.
அந்தத் தை மாதம் கட்டையிலிருந்து மாடுகளை அவிழ்த்துவிட்டு
விசுவமடுவைத் தாண்டும்போது
மடி கனத்த பசுவொன்று எங்கள் ரக்ரருக்குப் பின்னால்
கனதூரம் நடந்து வந்தது.
இறங்கிக் கறக்க ஆளில்லை.
ஒரு வளைவுக்குப் பிறகு காணவில்லை.

வீட்டு வேலை: கோ ஓஃப், ஐந்து அர்த்தம், ஐந்து வசனம்.
நாலை மத்தியானச் சோற்று நேரத்திலேயே முடித்தேன்.
ஐந்தாவதுக்கு இரவு பத்தரை ஆனது.
மை பிரதர் வென்ற் ஓஃப் ஓன் மை பைசிக்கிள்.

ரீச்சர் வாசித்தா.
எந்த அர்த்தம் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
வருசத்துக்கு ஒன்றாய் எல்லாவற்றையும்
நம்பிப் பார்த்துவிட்டேன் என்றிருப்பேன்.
இரண்டாவது மையை மட்டும் வெட்டி
மேலே ஹிஸ் என்று திருத்தினா.
இலக்கணம் பார்த்துத்தான், வேறொன்றுமில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கொப்பியை மடியில் வைத்து
அவவின் சிவப்புக்கு மேலே நீலத்தில் திரும்ப எழுதினேன்.
சைக்கிள் என்னுடையது.
பின் மட்கார்ட் இல்லை.
பெல்லுக்குப் பதிலாக
நான்தான் அதில் ஒரு பால்மா ரின் மூடியைக்
கம்பியால் கட்டியிருந்தேன்.