களப்பணி: ஏழாவது வியாழன்

செக்காலை ரோட்டில் இரும்புக் கடையொன்றில்
பில் போடுகிறேன்.
ஆறரைக்கு ஷட்டர் இறங்கியதும்
சமூகப்பணி பட்டயம், முதலாண்டு.
பதினோரு பேரில் பிள்ளை பெற்றவள் நான் ஒருத்தி.

ஞாயிறு வேலை செய்து வியாழனை
விலைக்கு வாங்கியிருக்கிறேன் முதலாளியிடம்.
வியாழன் என்றால் புதுவயல்.
பஸ்ஸை விட்டு இறங்கும்போதே
உமிச்சாம்பல் தோளில் வந்து உட்கார்ந்து
வா என்கிறது.

பஞ்சவர்ணம். வயது முப்பத்தெட்டு, உத்தேசம்.
அவித்த நெல்லைக் களத்தில் தள்ளும் வேலை.
ஆறு வாரமாக இவர் என் பயனாளி.
ஆறு வாரமாக இவர் போட்ட டீயைக் குடித்துவிட்டுப்
போகிறவள் நான்.
யார் பயனாளி என்று
படிவத்தில் கேட்கவில்லை.

போன வாரக் குறிப்பில் எஸ்தர் மேடம் சிவப்பு மையில்:
'மனம் கனத்தது' வேண்டாம்.
எத்தனை கிலோ என்று உனக்குத் தெரியாது.
பார்த்ததை எழுது.

சரி, பார்த்தது:
பாதத்தில் வெடிப்பு, வெடிப்புக்குள் தவிடு.
மூலையில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் ஒரு கட்டு,
கயிறு அவிழ்க்காமல்.
கோகிலா சுவரைப் பார்த்து
பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குக் குடும்ப வரைபடம்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
இறந்தவர் மேல் பெருக்கல் குறி.
சதுரத்தின் மேல் நான் குறியைப் போட,
பஞ்சவர்ணம் குனிந்து பார்த்தார்.

"இது யாருத்தா?"
உங்க வீட்டுக்காரர்.
"அந்தாளு சாகலயே. திருப்பூர்ல இருக்காரு."
இல்லேன்னு சொன்னீங்களே அக்கா.
"இல்லதான். ஆனா சாகல.
அதுக்கு என்ன கோடு?"

புத்தகத்தில் புள்ளிக்கோடு உண்டு,
பிரிந்தவருக்கு இரண்டு வெட்டு உண்டு,
சண்டைக்கு நெளிகோடு உண்டு.
தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மட்டும்
போன் போட்டு
சின்னவளிடம் மட்டும் பேசி
வைத்துவிடுகிறவருக்கு
கோடு இல்லை.

ரப்பரால் அழித்தேன். தாள் கிழிந்தது.

"உன்னுதப் போடு பாப்பம்" என்றார்.
இது படிப்பில் கூடாது.
எல்லை என்று ஒரு பாடமே இருக்கிறது,
ஐந்து மார்க் கேள்வி, எனக்கு மனப்பாடம்.
போட்டேன்.
ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு சதுரம்.
நடுவே கோட்டில் இரண்டு வெட்டு.
கீழே சின்னதாக ஒரு சதுரம், ஐந்து வயது.
பஞ்சவர்ணம் வெகுநேரம் பார்த்தார்.
"வெட்டு நேரா விழுந்திருக்கு"
என்று மட்டும் சொல்லி
டம்ளரைக் கழுவப் போனார்.

ஐந்து நாற்பது பஸ் போய்விட்டது.
நிறுத்தம் வரை கோகிலா வந்தாள்.
ஏழு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்:
"எங்க வீட்டப் பத்தி எழுதுனா
உங்களுக்கு எவ்வளவு மார்க்கு?"

இருபதுக்குப் போடுவாங்க.

"எங்களுக்கு?"

எதிரே லாரி ஒன்று
மூட்டை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தது,
வா வா வா என்று
ஒருவன் தட்டிக்கொண்டே இருந்தான்.
அந்தச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருக்க
எனக்கு வசதியாக இருந்தது.
இதையும் எழுதத்தான் வேண்டும்,
பார்த்ததில் இது சேர்த்தி.

பதினான்கு வந்தது.
ஆறு எங்கே போனது என்று கேட்கவில்லை.
பகுதி நான்கு, தலையீட்டுத் திட்டம்:
காலியாக விட்டிருந்தேன்.
கிழிந்த இடத்தை வட்டமிட்டு
மேடம் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

மறுபடி சேர்க்க வயது தடையில்லையாம்,
விசாரித்துவிட்டேன்.
தலைமையாசிரியர் திங்கள்கிழமை
பதினோரு மணிக்குமேல்தான் இருப்பாராம்.
கானாடுகாத்தான் ஓட்டலுக்குப்
பித்தளைக் கீல் நாற்பது ஜோடி
அன்றைக்குத்தான் எண்ணித் தர வேண்டும்.
அரைநாள் கேட்டிருக்கிறேன்.
முதலாளி இன்னும்
சரி என்று சொல்லவில்லை.