சோடியாகத்தான் விற்பார்கள்

இரவு இரண்டு மணிக்கு மேல்
இடது காதுக்குள் யாரோ
கதிரறுக்கும் மிஷினை ஓட்டி வருகிறார்கள்.
வரப்பு வந்ததும் திருப்புகிறார்கள்.
திருப்புகிற இடம் என் தாடை.

எழுந்து உட்காருகிறேன்.
கல்லுப்பை வாணலியில் வறுத்து
பழைய ரவிக்கைத் துணியில் முடிந்து ஒத்தடம்.
ஆறுகிறவரை அது மருந்து.
ஆறியபின் டப்பாவில் திரும்பக் கொட்டிவிடுகிறேன்,
காலையில் குழம்புக்கு வேண்டும்.

பூண்டு தட்டிப் போட்ட எண்ணெய் பார்த்தாயிற்று.
மெடிக்கல் கடைத் தம்பி
சீட்டில்லாமல் மடித்துத் தருகிற
முப்பது ரூபாய் செட்டும் பார்த்தாயிற்று:
மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று,
ரோஸ் கலரில் பாதி.
மூன்று நாள் சும்மா இருக்கும்.
நாலாம் நாள் வட்டிக்காரர் மாதிரி
செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்காரும்.

தை அறுவடையில் தொடங்கியது.
கொள்முதல் நிலையத்தில் தூற்றிக்கொண்டிருந்தேன்.
காற்று திரும்பியது.
சுணையோ பதரோ,
கொண்டை ஊசியால் எடுத்தேன்.
எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை.
மயிலாடுதுறைக்குப் பெண்களுக்கு பஸ் இலவசம்.
பகல் இலவசமில்லை.
நூறு நாள் வேலையில் ஒரு நாள் போனது.
விளக்கைச் செருகிப் பார்த்த டாக்டரம்மா
சவ்வில் ஓட்டை என்றார்.
"தஞ்சாவூர் போங்க. காசு கேக்க மாட்டாங்க.
நாலஞ்சு தடவை அலையணும்.
அப்புறம் மூணு மாசம்
தலையில சுமை கூடாது, காதுல தண்ணி படக்கூடாது.
கூட யார் இருக்கா?"

கடைசிக் கேள்வியை
வலது காதில்தான் கேட்டார்.
கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"பிரைவேட்ல காட்டேன், தோட்டை வச்சு,"
என்றாள் அஞ்சுகம்.
தோடு போன ஆவணியிலிருந்து பாங்கில் இருக்கிறது,
பையனின் ஐடிஐ ஃபீஸாக.
தோடிருந்த இடத்தில் வேப்பங்குச்சி.
வெளியே இருக்கும் ஓட்டை
தூர்ந்துவிடக் கூடாதென்று குச்சி வைத்திருக்கிறேன்.
உள்ளே இருக்கும் ஓட்டை
தூர்ந்துவிடாதா என்று கிடக்கிறேன்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை
வைத்தீஸ்வரன் கோயில் போனோம்.
எனக்கு அந்த அம்மன் பேர்தான், தையல்நாயகி.
அங்கே வைத்தியருக்கு டோக்கன் கிடையாது.
மிளகும் உப்பும் போட்டேன்.
வாசல் கடையில்
கை கால் கண் எல்லாம் தகட்டில் தொங்கின.
"ஒத்தைக் காது கிடைக்குமா?"
"சோடியாத்தாம்மா."
"ஒண்ணு நல்லாத்தான் இருக்கு."
"இருக்கட்டுமே," என்றார் கடைக்காரர்,
பேப்பரில் சுற்றிக்கொண்டே.

அறுபது ரூபாய். இரண்டு செட் மாத்திரை.

ஒன்றை உண்டியலில் போட்டேன்.
மற்றது அரிசி டின்னில் கிடக்கிறது,
அளக்கும்போதெல்லாம் படியில் டங்கென்று இடிக்கும்.
நேற்று ராத்திரி வலி தாங்காமல்
அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
இந்தப் பக்கம் பார்த்தால் வலது.
திருப்பினால் இடது.
நான் போட்டது எது?

நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுப்பேன்,
நோகும் காது மேலே இருக்கட்டுமென்று.
அப்படிப் படுத்தால் உலகம் கிடையாது.
பையன் நாலு தடவை போன் அடித்திருக்கிறான்.
வாய்க்காலில் தண்ணீர் வந்ததையும்
காலையில் காலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்குக் குறுவை நடவு.
மேஸ்திரி வரப்பில் நின்று பேர் கூப்பிடுவார்.
அஞ்சுகம் என் இடது பக்கம் நிற்கிறாள்,
ஒன்றும் சொல்லாமல், ஒரு மாதமாக.
என் பேர் வந்தால்
முழங்கையால் இடிப்பாள்.
கொஞ்சம் பலமாகத்தான் இடிப்பாள்.