நான்காம் சேனல்

நான்காம் சேனல் அவளுடையது,
பதினெட்டு வருடமாக.
ஃபேடருக்குக் கீழே சிவப்பு டேப்பில் 'டெல்பி' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
முழுப்பெயர் டெல்பினா கொரைரா. டேப்பில் இடமில்லை.

மேடையைவிட்டு உள்ளே போனதும்
அவள் மைக்கை அணைப்பது என் வேலை.
அரங்கத்துக்குத்தான் அணையும்.
என் ஹெட்போனுக்கு அணையாது.

அதனால் எனக்குத் தெரியும்:
இளவரசி நாடு நீங்கிப் போன பிறகு
படுதாவுக்குப் பின்னால் தூத்துக்குடிக்குப் போன் போட்டு
"மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு கேக்கான்?" என்றது.
சபை கண் துடைத்துக்கொண்டிருந்தபோது
"எவடி ஊக்கத் தலகீழாக் குத்துனது?" என்றது.
ஒரு வெள்ளிக்கிழமை
பேச்சே இல்லாமல் இருபது நிமிடம்
மூச்சு மட்டும்.
கிளினிக்கை மூடுகிறார்கள், வேறு விசா பார்த்துக்கொள் என்று
இடைவேளையில் மெசேஜ் வந்ததாம்.
அடுத்த காட்சியில் அவளுக்குக் கல்யாணம்.
சிரித்துக்கொண்டே மாலை மாற்றினாள்.

வந்த புதிதில் ஆறு கட்டை.
குதைபியாவில் மளிகைக்கடைக்கு மேலே ஒத்திகை.
மேல் பஞ்சமத்தை அவள் எட்டிப் பிடித்தால்
கீழே பேரீச்சம்பழம் நிறுக்கும் யேமன்காரர்
தராசை அப்படியே விட்டுவிட்டு
கூரையைப் பார்ப்பார்.

பகலில் அத்லியாவில் பல் டாக்டரிடம் வரவேற்பாளர்.
ஊரெல்லாம் வாயைத் திறக்க
இவள் வாயை மூடிக்கொண்டு இருந்த இடம்.
நாடகத்துக்குச் சம்பளம் கிடையாது.
ஒரு பிரியாணி, ஒரு சால்வை,
நகைக்கடை உபயத்தில் ஒரு கேடயம்.
"பித்தளையாவது இருந்தா எடைக்குப் போகும்" என்பாள்.

இசா டவுன் பள்ளி அரங்கத்தை
ஒருமுறை நோட்டீசில் 'இசை டவுன்' என்று அடித்துவிட்டார்கள்.
திருத்த விடவில்லை.

ஏழாம் வருடம் ஐந்தரை.
பத்தில் ஐந்து.
கீபோர்டில் ஒரு பட்டன்தான், தட்டினால் சுருதி இறங்கும்.
வாசிக்கிற இன்னாசிக்கும் எனக்கும் அவளுக்கும் தெரியும்,
வேறு யாருக்கும் தெரியாது.
ஏசியைத் திட்டினோம்.
தூசிக்காற்றைத் திட்டினோம்.
ஃபிளாஸ்கில் சுக்குத் தண்ணீர், சட்டைப்பையில் அதிமதுரம்.
பிறகு நாலரை.
அதன்பிறகு அந்தப் பட்டனைப் பற்றி
நாங்கள் மூவரும் பேசிக்கொள்வதில்லை.

இந்த வருடம் முத்துக்குளிப்பு நாடகம்.
இங்கே கடல், அங்கே கடல், ஸ்பான்சருக்குப் பிடித்துப்போனது.
நாயகி யாழினி, இங்கேயே பிறந்தவள், இருபத்திரண்டு.
ஆறு கட்டை, அசையாமல் நிற்கிறது.
டெல்பிக்குக் குளியாளின் அம்மா வேஷம்,
இரண்டு வசனம், ஒரு ஒப்பாரி.

"செத்தவனுக்குப் பாட்டா?" என்று சிரித்தாள் ஒத்திகையில்.
"எங்காட்கள் கயிற இழுத்துப் பாப்பாங்க. அவ்வளவுதான்."

நேற்று.
யாழினி முன்மேடையில் பாடிக்கொண்டிருந்தாள்.
அணைத்த நான்காம் சேனலில்
அதே பாட்டு, அதே சொல்,
ஒரு ஸ்தாயி கீழே.
என் விரல் ஃபேடர்மேல் இருந்தது.
ஏற்றவில்லை.
அவள் எனக்கென்றும் பாடவில்லை, யாருக்கென்றும் பாடவில்லை.

பிறகு ஒப்பாரி, நாலு கட்டையில்.
இரண்டாம் சரணத்தில் கையை விரிக்கச் சொல்லியிருந்தார்கள்.
அவள் விரிக்கவில்லை.
குனிந்து
இல்லாத கயிற்றை இழுக்கத் தொடங்கினாள்,
கைமாற்றிக் கைமாற்றி.
பாட்டு முடிந்தது. இன்னாசி கையை எடுத்துவிட்டார்.
கயிறு முடியவில்லை.
விளக்குக்காரன் இருட்டாக்கலாமா என்று என்னைப் பார்த்தான்.
நான் சேனலை அணைக்கவில்லை.
அத்தனை வருடம் எனக்கு மட்டும் கேட்ட மூச்சு
கடைசி வரிசைவரை போனது.
மூன்றாம் வரிசையில் ஒரு பையன்
சிப்ஸ் பாக்கெட்டுக்குள் விட்ட கையை
வெளியே எடுக்கவே இல்லை.

எல்லாரும் போனபின் மைக்கைக் கழற்றித் தந்தாள்.
வயர் வேர்வையில் ஊறியிருந்தது.
"ஏல சவுண்டு,
பதினெட்டு வருசமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான இருக்க?"

தலையாட்டினேன்.

"ஒருநாளாவது
நல்லாருந்துச்சுன்னு சொன்னியால?"