தேரிக்கு நூறு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்
முட்டை வைக்கும் பள்ளங்கள் பன்னிரண்டு.
ஏழில் முட்டை, ஐந்தில் பிலிம் ரோல்.
"இது எந்தக் கோழி இட்டது?" என்று
முதல் வாரம் சிரித்தான் தவசிக்கனி.
இரண்டாம் வாரம் விலை கேட்டான்.
ஒன்றரைக் கிலோ வெள்ளாட்டுக்கறி, என்றேன்.
அதிலிருந்து
முட்டை எடுக்கும்போதும்
பக்கத்துப் பள்ளத்தில் விரல் படாமல் எடுக்கிறான்.

ஞாயிறு விடிந்ததும் மொட்டைமாடிக்கு ஏறி
மேற்கே பார்ப்பேன்.
பொதிகையின் மடிப்புகளை எண்ண முடிந்தால் நூறு.
ஒரே நீலத் துண்டாய் நின்றால் இருநூறு.
மலையையே காணோமா,
அம்பாசமுத்திரத்தில் சாரல் விழுகிறது;
நானூறை எடுத்து
குளிர் விடும்வரை மடியில் வைத்திருப்பேன்.

நானூறுக்குச் சின்ன வயிறு.
வாழைத்தாரின் அடிநிழல்,
குடைக்குள் ஒருத்தி மூக்குச் சிந்துவது,
அரை வெளிச்சத்திலேயே நிறைந்துவிடும்.
பிறகு படமெல்லாம் மணல்மணலாய் இருக்கும்.
அந்த மணல் எனக்குப் பிடிக்கும்.
நூறு அப்படியில்லை.
பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு
இன்னும் வெயில், இன்னும் வெயில் என்று
இலையைத் தட்டும்.

வைகாசியில் அதைத் தேரிக்குக் கூட்டிப்போனேன்,
கறுப்பு வெள்ளை நூறு.
உச்சிவெயில். செருப்பைத் தாண்டிச் சுடும் செம்மண்.
லென்ஸில் சிவப்புக் கண்ணாடி திருகி,
பதினாறில் வைக்க வேண்டியதை
கண்ணாடிக்கு மூன்று படி கொடுத்து
ஐந்து புள்ளி ஆறுக்கு இறக்கினேன்.
மணல் வெளுத்துவிடும், வானம் கறுத்துவிடும் என்றேன்.
"பட்டப்பகல்ல ராத்திரி ஆக்குதியாக்கும்?"
பைக் சீட்டில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டான்.
கொல்லாமரத்தடியில் நிழல்
கிழித்துப்போட்ட சேலைபோல் கிடந்தது.
காற்று தோண்டி வெளியே விட்ட பனைவேர்.
ஒரு ஓணான், என்னை முழுசாய் நம்பாமல்.
இருபத்திரண்டு படம்.

திரும்பும்போது, யார் கூப்பிட்டதோ,
நாசரேத் பக்கம் மழை.
ரயில்வே கேட் பூட்டியிருந்தது.
எங்களுக்கு முன்னால் ஒரு மினிவேன் நிறைய
கல்யாண வீட்டுப் பெண்கள்;
கூரையில் கட்டிய அண்டாவில் மழை தாளம் போட
உள்ளே ஒருத்தி பாட, மற்றவர்கள் அவளை நிறுத்தச் சொல்லி
இன்னும் சத்தமாய்ப் பாடினார்கள்.
கேமராவில் இருப்பதோ நூறு.
இந்த இருட்டுக்கு அது பட்டினி கிடக்கும்.
ஆனாலும் எடுத்தேன்.
அரை வினாடி. ஸ்டாண்ட் இல்லை. தவசிக்கனியின் தோள்தான்.

பாளையங்கோட்டையில் என் வேலை எக்ஸ்ரே.
ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் சொல்வேன்:
மூச்ச நல்லா இழுங்க.
அப்படியே பிடிங்க.
அன்றைக்குத் தோளிடம் சொன்னேன்.
பிடித்தான்.
நானும் பிடித்தேன்.
மழை மட்டும் பிடிக்கவில்லை.

ராத்திரி குளியலறையில் ரோலைக் கழுவி
துணிக்கிளிப்பில் தொங்கவிட்டபோது
தேரி சொன்னபடி நடந்துகொண்டிருந்தது.
இருபத்து மூன்றாவது மட்டும் வெறும் கண்ணாடி.
பார்த்தால், சிவப்புக் கண்ணாடியைக்
கழற்றவே மறந்திருக்கிறேன்.
வேன் இல்லை, அண்டா இல்லை, பெண்கள் இல்லை.
மற்ற வெளிச்சமெல்லாம் வாசலோடு நின்றுவிட
கேட்டின் சிவப்பு விளக்கு மட்டும்
உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது,
ஒரு கறுப்புப் பொட்டாய்.
அதன் கீழே, வேனின் பின்விளக்கு
லேசாய் ஆடியது தெரிந்தது.
அவர்கள் பாடியதில் ஆடியிருக்கும்.

திங்கட்கிழமை அதை
எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் செருகிவைத்து
டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
டாக்டர் அருள்செல்வி வந்தார், குனிந்தார்,
கறுப்புப் பொட்டை விரலால் தொட்டார்.
"கேஸா?"
"கேட், டாக்டர்.
நாசரேத் ரயில்வே கேட்."

நாளைக்குச் செவ்வாய். எனக்கு மதிய டியூட்டி.
மேலப்பாளையம் சந்தையில் ஏழு மணிக்கு
ஆட்டுக்கால் கிளப்பும் புழுதிக்குள்
மஞ்சள் வெயில் சாய்ந்து இறங்கும்.
பள்ளத்தில் கலர் இருநூறு ஒன்று இருக்கிறது.
பக்கத்தில் முட்டை தீர்ந்துவிட்டது.