நீர்மட்டம்

செய்னம்பு கேட்டது ஏரியைப் பார்த்த வீடு.
சார்ஜாவில் பல் பிடுங்கிச் சேர்த்த காசு.
படத்தில் நீலம் தீட்டியது நான்தான்,
கொஞ்சம் தாராளமாகவே.

மனையை அளக்கப் போனது வைகாசியில்.
பெரியபட்டினத்துக்கு மேற்கே
கரை இருந்தது, மடை இருந்தது,
கலுங்கில் வெள்ளாடு ஒன்று படுத்திருந்தது.
கண்மாய்க்கு நடுவே மூன்று குச்சி நட்டுப்
பையன்கள் பந்து வீசிக்கொண்டிருந்தார்கள்.

போனில் காட்டினேன்.
"தண்ணி எங்கே?"
"ஐப்பசி கார்த்திகையில வரும்" என்றேன்,
வெளியூர் போயிருக்கும் ஆளைச் சொல்வதுபோல.

சாத்தையாக் கொத்தனார் மட்டக் குழாயில்
பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பாட்டில் தண்ணீரை ஊற்றினார்.
ஒரு முனை பனையடியில், மறுமுனை என் கையில்.
அன்றைக்கு அந்தக் கண்மாயில் இருந்த நீர்
அவ்வளவுதான்.
மேலும் கீழும் ஆடி
ஓரிடத்தில் நின்றது.
பனையில் அதே உயரத்தில் ஒரு கறை,
எந்த வருஷத்து வெள்ளமோ
தொட்டுவிட்டுப் போனது.

கறைக்கு மேலே இரண்டு முழம், தரை.
இதை மட்டும் நான் முடிவு செய்யவில்லை.

மற்றவை எல்லாம் அழித்து அழித்து வந்தவை.
தெற்கே வைத்திருந்த பதினாறடிக் கண்ணாடி போயிற்று:
கடல் இரண்டு கிலோமீட்டர்தான்,
சோளகக் காற்றுக்கு அது ஒரு தூரமா?
வெளியே கிடந்த கம்பி மூன்றே வாரத்தில்
செங்கல் நிறமாகியிருந்தது.
கிழக்குச் சுவரை வளைத்தேன்,
எதிர்க்கரை வளைகிற அளவுக்கே.
மாடி மழைநீர் வழிய
ஒரு சின்னக் கலுங்கு.
சன்னலைத் தாழ்த்தினேன்,
பாயில் உட்கார்ந்தவள் கண்ணுக்குத் தண்ணீர் தெரிய;
தண்ணீர் இல்லாத எட்டு மாதம்
வெடித்த களிமண்ணும்
அதில் நடக்கிற தன் நிழலும் தெரிய.

ஜல்லிக் குவியலில் ஆள்காட்டி முட்டையிட்டது.
ஒரு மாதம் லாரி அந்தப் பக்கம் வரவில்லை.
தலைவாசல் வடக்கே தள்ளிப் போயிற்று.
குஞ்சுகள் ஓடிய பிறகும்
வாசலைத் திருப்பி வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.

லிண்டல் மட்டம் வந்தபோது மழை.
இரண்டு இரவு, ஒரு பகல்.
மூன்றாம் நாள் காலை
சாத்தையா சைக்கிளை நிறுத்திவிட்டு
ஒன்றும் பேசாமல் நின்றார்.
சென்டரிங் பலகை, சிமென்ட் சாக்கு, மணல்,
அதற்குப் பிறகு வானம்வரை தண்ணீர்.
பனையின் கறைக்கு ஒரு சாண் கீழே
அலை தட்டிக்கொண்டிருந்தது.

சன்னலுக்கென விட்ட ஓட்டை வழியே
போனை நீட்டினேன்.
நான் வரைந்த நீலம் இல்லை,
டீயில் பால் குறைந்த நிறம்.
ஆனாலும் ஏரி.

சார்ஜாவில் சத்தமே இல்லை.
பிறகு கேட்டாள்:
"அந்தப் பிள்ளைங்க
இப்ப எங்க விளையாடும்?"

அன்றிரவு
வரைபடத்தை எடுத்து
நீலத்தின் மேலேயே,
பென்சிலால்,
மூன்று குச்சி வரைந்தேன்.